"எதிர்ப்பு சக்தி குறைந்துவிட்டதா?": பெருங்குடல் புற்றுநோய் பற்றி என் கடையில் கேட்கப்படும் கேள்விகள்

தர்மபுரியில் மருந்துக் கடை வைத்து 26 ஆண்டுகள் ஆகின்றன. நான் மருத்துவன் அல்ல, மருந்தாளுநர். பெங்களூரிலோ சேலத்திலோ சென்னையிலோ பெரிய டாக்டரைப் பார்த்துவிட்டு ஊர் திரும்புபவர்கள், அங்கே கேட்கத் தயங்கிய கேள்விகளை என் மேசைக்கு முன்னால் நின்று கேட்பார்கள். பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் என்றால் அந்தக் கேள்விகளில் பாதிக்கு மேல் "எதிர்ப்பு சக்தி" என்ற ஒரே சொல்லைச் சுற்றித்தான் இருக்கும். பற்று நோட்டின் கடைசிப் பக்கங்களில் குறித்து வைத்தவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். உங்கள் நோயாளிக்கு என்ன செய்வது என்பதை அவரது டாக்டர்தான் சொல்ல வேண்டும். டாக்டர் சொல்வது புரிவதற்கு இது உதவினால் போதும்.

"அப்பாவுக்குச் சளி, காய்ச்சல் என்று எதுவுமே வந்ததில்லை. எதிர்ப்பு சக்தி குறைந்ததாலா இது வந்தது?"

பெரும்பாலும் இல்லை. எதிர்ப்பு சக்தி என்பது தொட்டித் தண்ணீர் போல ஒரே அளவாக ஏறி இறங்கும் பொருள் அல்ல. காய்ச்சல் தரும் கிருமி வெளியிலிருந்து வருவது. புற்றுநோய்ச் செல்லோ நம் வீட்டிலேயே பிறந்தது. குடலின் உள்தோல் 4, 5 நாட்களுக்கு ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. ஒவ்வொரு முறையும் மரபணுவைப் படியெடுக்கும்போது சில பிழைகள் விழும். அநேகமாக எல்லாம் திருத்தப்பட்டுவிடும். திருந்தாமல் தங்கிய சில பிழைகள் சேர்ந்து முதலில் பாலிப் என்ற சிறு முளையாகி, அது புற்றாக மாறச் சுமார் 10 ஆண்டுகள் பிடிக்கின்றன.

சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டு எதிர்ப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்குச் சில புற்றுநோய்கள் கூடுதலாக வருவது உண்மை. ஆனால் அவை முக்கியமாகத் தோல் புற்றும், வைரஸால் வரும் வகைகளும். பெருங்குடலில் அந்த ஏற்றம் சிறியதுதான். ஆகவே "சரியாகச் சாப்பிடாததால் வந்தது" என்று அப்பாவைக் குற்றம் சொல்ல வேண்டாம்.

"வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. தொற்றிக்கொள்ளாதா?"

தொற்றாது. ஒருவருடைய செல் இன்னொருவர் உடம்பில் புகுந்தால், அந்த உடம்பின் காவல் அதை அந்நியன் என்று உடனே கண்டுகொள்ளும். தானம் பெற்ற சிறுநீரகத்தையே விரட்டப் பார்க்கும் உடம்பு அது. தாத்தா மடியில் குழந்தையைத் தாராளமாக விடுங்கள்.

"சொந்தச் செல் என்கிறீர்கள். பிறகு உடம்பு அதை எப்படி எதிரி என்று கண்டுபிடிக்கும்?"

புளி மண்டியில் மூட்டையைப் பிரித்து ஒரு கை மாதிரி எடுத்து மேலே வைத்திருப்பார்கள் அல்லவா? நம் ஒவ்வொரு செல்லும் அதைத்தான் செய்கிறது. உள்ளே தயாராகும் புரதங்களைத் துண்டாக்கி, எச்.எல்.ஏ. என்ற தட்டில் வைத்து வெளியே காட்டுகிறது. டி செல்கள் என்ற வெள்ளை அணுக்கள் அந்த மாதிரிகளைத் தடவிப் பார்த்தபடி சுற்றிவருகின்றன. மரபணுப் பிழையால் உருமாறிய புரதம் தட்டில் தெரிந்தால், அதற்குப் பொருந்தும் டி செல் நின்றுவிடும். செல்லின் சுவரில் துளையிட்டு, அதைத் தானே மடியச் செய்யும் நொதியை உள்ளே செலுத்தும். தட்டையே மறைத்துவிடும் தந்திரக்காரச் செல்லுக்கு வேறொரு காவலர் உண்டு. இயற்கைக் கொல்லி செல் என்று பெயர். தட்டு காணாமல் போயிருப்பதே அதற்குச் சந்தேகத்துக்கு இடம்.

இந்த வேட்டைக்கு முன் ஒரு பயிற்சி நடக்கிறது. டென்ட்ரிடிக் செல் என்ற தூதர், கட்டியின் துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு அருகிலுள்ள நிணநீர்க் கணுவுக்குப் போகும். காலில் முள் குத்திப் புண்ணானால் தொடையிடுக்கில் நெறி கட்டுமே, அதே வகைக் கணுதான். அங்கேதான் பொருத்தமான டி செல் தேர்ந்தெடுக்கப்பட்டு ஆயிரக்கணக்கில் பெருகுகிறது.

"அவ்வளவு காவல் இருந்தும் கட்டி எப்படி வளர்ந்தது? எதிர்ப்பு சக்தி தூங்கிவிட்டதா?"

தூங்கவில்லை. பென்னாகரம் பக்கம் காட்டோரக் கொல்லையில் பரண் கட்டி இரவுக் காவல் இருப்பவர்களைக் கேளுங்கள். கண்ணில் படும் பன்றியை விரட்டிவிடுவார்கள். மாதக்கணக்கில் காவல் இருந்தபின் எஞ்சி வருவது, பரணில் இருப்பவர் கண்ணில் படாத வழியைக் கண்டுகொண்ட பன்றிதான். புற்றுநோயிலும் இதுவே நடக்கிறது. அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் ஷ்ரைபரும் அவருடன் இருந்தவர்களும் 2000-களின் தொடக்கத்தில் இதை மூன்று கட்டங்களாக விளக்கினார்கள்: அழித்தல், சமநிலை, தப்பித்தல். தெளிவாகத் தெரியும் செல்களை உடம்பு அழிக்கிறது. பிறகு ஆண்டுக்கணக்கில் இழுபறி. கடைசியில் மறையத் தெரிந்தவை மட்டும் மிஞ்சி வளர்கின்றன. நமக்குக் கட்டி என்று தெரியவருவது இந்தத் தப்பித்தலின்போதுதான்.

மறையும் வழிகள் பல. சில கட்டிகள் மாதிரித் தட்டையே உடைத்துவிடுகின்றன. சில, டி.ஜி.எஃப்.-பீட்டா என்ற பொருளைச் சுரந்து டி செல்கள் விளிம்பைத் தாண்டி உள்ளே வராதபடி தடுக்கின்றன. சில, சண்டையை அடக்கும் வகை டி செல்களைத் தம் பக்கம் அழைத்துக்கொள்கின்றன. இன்னும் சில, வந்த காவலரின் பிரேக்கை அழுத்திவிடுகின்றன. அந்தப் பிரேக்கைப் பற்றி ஊசி பற்றிய பதிலில் சொல்கிறேன்.

"குடலில் கோடிக்கணக்கில் கிருமி இருக்கிறதாமே. அதனால்தான் புற்று வருகிறதா?"

உடம்பின் காவல் அணுக்கள் ஏராளமாகக் கூடியிருக்கும் இடம் குடல். ஆனால் அங்கே அவை பொறுமையாக இருக்கப் பழகியவை. தினமும் வந்து போகும் சோற்றையும் குழம்பையும், நல்லது செய்யும் பாக்டீரியாவையும் கண்டு சண்டை பிடித்தால் வயிறு புண்ணாகிப்போகும். இந்தப் பொறுமையைத்தான் கட்டி தனக்குச் சாதகமாக்கிக்கொள்கிறது.

ஃபூசோபாக்டீரியம் என்ற கிருமி சாதாரணமாக வாயில், பல் ஈறில் இருப்பது. பெருங்குடல் கட்டிகள் சிலவற்றில் அது கூட்டமாகக் காணப்படுகிறது. தன் மேலுள்ள ஒரு புரதத்தால் கொல்லி செல்களின் பிரேக்கை அது அழுத்துகிறது என்று 2015-இல் காட்டினார்கள். கிருமி ஒன்றே காரணம் என்று இதற்குப் பொருள் அல்ல. அது கட்டிக்கு அடைக்கலம் தருகிறது. இதைக் கேட்டுவிட்டு ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்க வந்தவரையும் பார்த்திருக்கிறேன். கொடுக்கவில்லை.

"பயாப்ஸி ரிப்போர்ட்டில் கட்டிக்குள் லிம்போசைட் நிறைய என்று போட்டிருக்கிறது. பரவிவிட்டது என்று அர்த்தமா?"

நேர் எதிர். இந்த வரியைப் படித்துவிட்டு என் கடைப் படியில் உட்கார்ந்து அழுத ஓர் அம்மாவுக்கு இதைப் புரியவைக்க அரை மணி நேரம் ஆனது. லிம்போசைட் புற்றுநோய்ச் செல் அல்ல, மேலே சொன்ன காவலர். அவர் கட்டிக்குள் நுழைந்திருக்கிறார் என்றால், பொதுவாக அது நல்ல செய்தி.

பாரிஸில் ஜெரோம் கலான் குழுவினர் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையையே திருப்பிப்போட்டது. பெருங்குடல் கட்டியின் நடுவிலும் விளிம்பிலும் எந்த வகை டி செல், எவ்வளவு நெருக்கமாக இருக்கிறது என்று எண்ணினார்கள். நிறைய இருந்தவர்களுக்கு நோய் திரும்புவது குறைவாக இருந்தது. இந்த எண்ணிக்கையை இம்யூனோஸ்கோர் என்ற மதிப்பெண்ணாக்கி, பல நாடுகளில் 2,500-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் சரிபார்த்து 2018-இல் வெளியிட்டார்கள். எல்லா ரிப்போர்ட்டிலும் இந்த மதிப்பெண் இருக்காது. இல்லை என்று கவலைப்படவும் வேண்டாம்.

"அறுவையில் நெறிகளையும் எடுத்துவிட்டார்கள். இனி எதிர்ப்பு சக்தியே இருக்காதா?"

உடம்பில் பல நூறு நிணநீர்க் கணுக்கள் இருக்கின்றன. எடுத்தவை அந்தக் குடல் துண்டுக்கு உரியவை மட்டும். நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று சொல்ல, குறைந்தது 12 கணுக்களையாவது பார்க்க வேண்டும் என்பது விதி. ரிப்போர்ட்டில் அந்த எண்ணிக்கை இருக்கும், பாருங்கள்.

"எம்.எம்.ஆர். என்று இன்னொரு சோதனை எழுதியிருக்கிறார்கள். எத்தனை சோதனைதான் செய்வது? விட்டுவிடலாமா?"

எதை விட்டாலும் இதை விடாதீர்கள். புதிதாக ஊசி குத்த வேண்டியதில்லை. ஏற்கெனவே எடுத்த பயாப்ஸித் துண்டிலேயே பார்த்துவிடுவார்கள்.

முதல் பதிலில் மரபணுப் படியெடுப்பின் பிழைகள் திருத்தப்படும் என்றேன். அச்சகத்தில் பிழை திருத்துபவரைப் போல அந்த வேலையைச் செய்யும் புரதங்களில் முக்கியமானவை நான்கு: எம்.எல்.எச்.1, எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6, பி.எம்.எஸ்.2. இவை சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பதுதான் எம்.எம்.ஆர். சோதனை. இவற்றில் ஒன்று வேலை செய்யாவிட்டால் கட்டியின் மரபணுவில் பிழைகள் மலைபோல் குவியும். கேட்கப் பயமாக இருந்தாலும் இதில் ஒரு நன்மை உண்டு. பிழை கூடக்கூட, மாதிரித் தட்டில் விநோதமான துண்டுகள் கூடும். டி செல்களுக்கு அடையாளம் காண்பது எளிதாகும். இப்படிப்பட்ட கட்டிகளில் காவலர் கூட்டம் நெரியும்.

பெருங்குடல் புற்றுநோய்களில் சுமார் 15 விழுக்காடு இந்த வகை. வேறு உறுப்புக்குப் பரவிய நான்காம் கட்டத்தில் மட்டும் பார்த்தால் 4, 5 விழுக்காடுதான். ரிப்போர்ட்டில் "எம்.எம்.ஆர். குறைபாடு" என்றோ "எம்.எஸ்.ஐ. ஹை" என்றோ இருக்கும். இரண்டும் ஏறத்தாழ ஒரே செய்தி. இதைத் தெரிந்துகொண்டால்தான் அடுத்த இரண்டு கேள்விகளுக்கு விடை.

"இம்யூனோதெரபி ஊசி என்கிறார்களே, அது கீமோவின் இன்னொரு பெயரா?"

இல்லை. கீமோ, பெருகும் செல்லை நேராகக் கொல்லும் மருந்து. இந்த ஊசி புற்றுநோய்ச் செல்லைத் தொடுவதே இல்லை. டி செல்லின் மேல் பி.டி.1 என்றொரு பிரேக் இருக்கிறது. சண்டை அளவு மீறாமல் இருக்க உடம்பே வைத்தது. கட்டி தன் மேல் பி.டி.எல்.1 என்ற புரதத்தை வளர்த்து அந்தப் பிரேக்கை மிதித்துப் பிடிக்கிறது. பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப், டோஸ்டார்லிமாப் போன்ற ஊசிகள் பிரேக்கிலிருந்து கட்டியின் காலை எடுத்துவிடுகின்றன. இந்தப் பிரேக்குகளைக் கண்டறிந்து சிகிச்சைக்கு வழி திறந்ததற்காக ஜேம்ஸ் அலிசனுக்கும் தசுக்கு ஹோஞ்சோவுக்கும் 2018-இல் நோபல் பரிசு கிடைத்தது.

எம்.எம்.ஆர். குறைபாடுள்ள, பரவிய பெருங்குடல் புற்றில் பெம்ப்ரோலிசுமாபையும் கீமோவையும் ஒப்பிட்ட ஆய்வு 2020-இல் வந்தது. நோய் முற்றாமல் நின்ற காலம் கீமோவில் நடுமதிப்பாக 8.2 மாதம், ஊசியில் 16.5 மாதம். 2022-இல் நியூயார்க் மருத்துவமனை ஒன்றில் மலக்குடல் புற்றுநோயாளிகள் 12 பேருக்கு ஆறு மாதம் டோஸ்டார்லிமாப் மட்டும் கொடுத்தார்கள். 12 பேருக்கும் கட்டி கண்ணுக்குத் தெரியாமல் மறைந்தது. "புற்றுநோய்க்கு மருந்து வந்துவிட்டது" என்ற செய்தித்தாள் துண்டை அந்த ஜூன் மாதம் முழுதும் என்னிடம் நீட்டினார்கள். அந்த 12 பேருக்கும் எம்.எம்.ஆர். குறைபாடு இருந்தது என்பதைத் தலைப்பில் யாரும் போடவில்லை.

"அம்மாவுக்கு நான்காம் கட்டம். நிலத்தை விற்றாவது அந்த ஊசியைப் போடுகிறோம். வாங்கித் தர முடியுமா?"

பத்திரத்தைத் தொடுமுன் எம்.எம்.ஆர். ரிப்போர்ட்டை எடுத்து வாருங்கள். இதை நான் கடுமையாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான்காம் கட்டத்தில் நூற்றில் சுமார் 95 பேருக்கு அந்தக் குறைபாடு இருக்காது. அவர்களுடைய கட்டியில் விநோதத் துண்டுகள் குறைவு, டி செல்கள் உள்ளே வந்திருப்பதும் குறைவு. ஆளே ஏறாத வண்டியில் பிரேக்கை எடுத்து என்ன பயன்? பி.டி.1 ஊசி தனியாக அவர்களிடம் அநேகமாக வேலை செய்வதில்லை. ஒரு தவணைக்கே லட்சக் கணக்கில் ஆகும் மருந்து இது.

அவர்களுக்குக் கீமோவும், கட்டியின் வேறு மரபணு விவரங்களைப் பார்த்துச் சேர்க்கும் மருந்துகளும்தான் இன்றைக்கு உதவுபவை. குறைபாடு இருப்பவர்கள் காப்பீட்டில் எது கிடைக்கும், மருந்து நிறுவனத்தின் உதவித் திட்டம் உண்டா என்று சிகிச்சை பெறும் மருத்துவமனையிலேயே முதலில் கேளுங்கள்.

"ஊசி போட்டு மூன்று வாரம். வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. ஒரு மாத்திரை கொடுங்களேன்?"

கொடுக்க மாட்டேன். தொப்பூர் கணவாயில் பிரேக் பிடிக்காத லாரி என்ன செய்யும் என்று நம் ஊர்க்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிரேக் எடுக்கப்பட்ட டி செல்கள் கட்டியோடு நிற்காமல் குடல், தைராய்டு, ஈரல், நுரையீரல், தோல் என்று எதன் மேலும் ஏறலாம். இது கெட்டுப்போன சாப்பாட்டால் வந்த பேதி அல்ல, குடல் அழற்சியாக இருக்கலாம். பேதியை அடக்கும் மாத்திரை அதை மூடிமறைத்துவிடும். ஊசி போட்ட டாக்டரை அன்றைக்கே அழைக்க வேண்டும். பெரும்பாலும் ஸ்டீராய்டு கொடுத்து அடக்கிவிடுவார்கள். ஊசியை நிறுத்திச் சில மாதங்கள் கழித்தும் இப்படி வரலாம் என்பதால், வேறு எதற்காக எந்த டாக்டரிடம் போனாலும் "இந்த ஊசி போட்டிருக்கிறேன்" என்று சொல்லுங்கள்.

"கீமோ எதிர்ப்பு சக்தியை அழிக்கும் என்றால், அதைப் போடுவது தப்பில்லையா?"

கீமோவில் முக்கியமாகக் குறைவது கிருமியோடு போராடும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணு. ஒவ்வொரு தவணைக்குப் பின்னும் ஓரிரு வாரத்தில் அது அடிமட்டத்துக்கு இறங்கி, பிறகு தானே ஏறும். அந்த நாட்களில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் பாரசிட்டமால் போட்டுப் படுக்கக் கூடாது. நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். இன்னொரு பக்கம், ஆக்ஸாலிபிளாட்டின் போன்ற கீமோ மருந்து புற்றுச் செல்லைக் கொல்லும் விதமே காவலர்களுக்கு அபாயச் சங்கு ஊதுவது போன்றது என்று ஆய்வகங்களில் கண்டிருக்கிறார்கள்.

"எதிர்ப்பு சக்தி கூட்ட என்ன கொடுக்கலாம்? நெல்லிக்காய்ச் சாறு? பவுடர் டின்?"

அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த ஊர் நம்முடையது. அதனால் நெல்லிக்காயைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது, அது நல்ல பழம். ஆனால் தப்பித்தல் பற்றிய பதிலை மீண்டும் பாருங்கள். அங்கே குறை காவலரின் எண்ணிக்கையில் இல்லை. கண்டுபிடிக்க முடியாததிலும் பிரேக்கிலும் இருக்கிறது. எந்தச் சாறும் அந்தப் பூட்டைத் திறப்பதில்லை. பவுடர் டின்னில் எனக்கு லாபம் அதிகம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். சாப்பிட முடியாதவருக்குப் புரதம் தர டாக்டர் எழுதினால் அது சரி. "இம்யூனிட்டி" என்று அட்டையில் போட்டிருக்கிறது என்பதற்காக வாங்காதீர்கள். கீமோ நடக்கும்போது பெயர் தெரியாத சூரணமும் கஷாயமும் ஈரலைக் கெடுத்து அடுத்த தவணையைத் தள்ளிப்போட வைக்கலாம்.

நலமாக இருப்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம். கேழ்வரகுக் களி, தானியம், பயறு, கீரை ஆகியவற்றின் நார்ச்சத்தைக் குடல் பாக்டீரியா புளிக்கவைத்து பியூட்டிரேட் என்ற பொருளைத் தருகிறது. குடல் உள்தோலுக்கு அதுவே உணவு, அழற்சியைத் தணிப்பதும் அதுவே. அறுவை முடிந்த புதிதில் நார்ச்சத்தைக் குறைக்கச் சொல்வார்கள். அப்போது களி வேண்டாம்.

"அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் உள்ளவர்களுக்கு எதிர்ப்பு அணுக்கள் குடலில் எப்போதும் சண்டையிலேயே இருக்கின்றன. அப்படியானால் அவர்களுக்குப் புற்று குறைவாகத்தானே வர வேண்டும்?"

ஊத்தங்கரையிலிருந்து வரும் கல்லூரி மாணவர் ஒருவர் கேட்டது. நல்ல கேள்வி. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்பது பெருங்குடலில் நாட்பட்ட அழற்சியால் புண் உண்டாகும் நோய். லிம்போசைட் நல்லது என்று மேலே சொன்னேன், இங்கே அதே அழற்சி கெடுக்கிறது. வேறுபாடு குறியில் இருக்கிறது. கட்டிக்குள் புகும் கொல்லி டி செல் குறிவைத்த வேட்டைக்காரர். நாட்பட்ட அழற்சியோ குறியில்லாத கலவரம். அது வெளியிடும் வேதிப்பொருள் மரபணுவைச் சேதப்படுத்தும், புண் ஆறுவதற்காகச் செல்களை ஓயாமல் பெருகச் சொல்லும். பெருக்கம் கூடினால் படியெடுப்புப் பிழையும் கூடும். அதனால்தான் இந்நோய் தொடங்கிச் சுமார் 8 ஆண்டுகளில் கொலனோஸ்கோபி (கேமரா பொருத்திய குழாயைப் பெருங்குடலுக்குள் விட்டுப் பார்ப்பது) கண்காணிப்பைத் தொடங்கச் சொல்கிறார்கள்.

"அப்பா, சித்தப்பா, அத்தை மூவருக்கும் இதே நோய். எனக்கு 32 வயது. நான் என்ன செய்ய வேண்டும்?"

பிழை திருத்தும் நான்கு புரதங்களில் ஒன்றின் மரபணு பிறவியிலேயே பழுதாக இருக்கும் குடும்பங்கள் உண்டு. லிஞ்ச் நோய்க்குறி என்பார்கள். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர வாய்ப்பு பாதிக்குப் பாதி. அப்பாவின் எம்.எம்.ஆர். ரிப்போர்ட்டிலிருந்து தொடங்கி, தேவையானால் ரத்தத்தில் மரபணுச் சோதனை செய்வார்கள். பழுது உறுதியானால் பொதுவாக 20–25 வயதிலிருந்தே ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை கொலனோஸ்கோபி. நீங்கள் ஏற்கெனவே தாமதம். பெண்களுக்குக் கருப்பைப் புற்றின் அபாயமும் உண்டு என்பதால் அத்தை மகள்களிடமும் சொல்லுங்கள்.

நம் பக்கத்தில் சொந்தத்தில் பெண் எடுப்பது வழக்கம் என்பதால் இன்னொன்று. இருவருக்கும் ஒரே பழுது இருந்து, குழந்தைக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் அது வந்துவிட்டால் சிறு வயதிலேயே புற்றுநோய்கள் வரக்கூடும். அரிதுதான். ஆனால் லிஞ்ச் உறுதியான குடும்பத்தில் உறவுக்குள் திருமணம் பேசுமுன் மரபணு ஆலோசகரைப் பார்த்துவிடுவது நல்லது.

"ரத்தத்தில் எதிர்ப்பு சக்தியைப் பார்த்து இந்த நோயை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியாதா?"

முடியாது. கட்டி இருந்தும் வெள்ளை அணு எண்ணிக்கை பெரும்பாலும் சரியாகவே இருக்கும். சி.இ.ஏ. என்ற ரத்தச் சோதனையும் எதிர்ப்பு சக்தியைப் பார்ப்பது அல்ல. நோய் உறுதியானவரைப் பின்தொடரத்தான் அது பயன்படும். முன்கூட்டிப் பார்க்க, மலத்தில் மறைந்த ரத்தத்தைத் தேடும் சோதனையும் கொலனோஸ்கோபியும் இருக்கின்றன. மூலம் என்று தாமே முடிவுசெய்து மாதக்கணக்கில் களிம்பு வாங்கிப் போகிறவர்களை இப்போதெல்லாம் நான் விடுவதில்லை. மலத்தில் ரத்தம் தொடர்ந்தால் களிம்புக்கு முன் டாக்டர் சீட்டு கேட்கிறேன். இதனால் இரண்டு வாடிக்கையாளர்கள் எதிர்க் கடைக்குப் போய்விட்டார்கள்.

"அறுவையில் எல்லாம் சுத்தம் என்றார்கள். இரண்டு வருடம் கழித்து ஈரலில் வந்துவிட்டது. அத்தனை நாள் எங்கே ஒளிந்திருந்தது?"

மூன்று கட்டங்களில் "சமநிலை" என்று ஒன்றைச் சொன்னேன் அல்லவா? அறுவைக்கு முன்பே பிரிந்துபோன ஒருசில செல்கள், ஸ்கேனில் தெரியாத அளவில், காவலரோடு இழுபறியில் ஆண்டுக்கணக்கில் அடங்கிக் கிடக்க முடியும். அறுவை செய்தவர் பொய் சொல்லவில்லை. கண்ணுக்கும் ஸ்கேனுக்கும் தெரிந்தது எல்லாம் போய்விட்டது என்றுதான் அவர் சொன்னார்.

ஈரல் என்பதற்கும் காரணம் உண்டு. பெருங்குடலின் ரத்தம் பெரும்பாலும் நேராக ஈரலுக்குத்தான் போகிறது. உணவோடு வரும் அந்நியப் பொருள்களுக்கெல்லாம் வழிவிட்டுப் பழகிய உறுப்பு என்பதால் அங்கே காவலும் சாந்தமாக இருக்கும். வந்து சேரும் செல்லுக்கு அது வசதி. ஆனாலும் ஈரலில் ஒன்றிரண்டு இடத்தில் மட்டும் இருந்தால் வெட்டி எடுத்துக் குணமாகிறவர்கள் இருக்கிறார்கள். அதைக் காலத்தில் பிடிக்கத்தான் முதல் சில ஆண்டுகளுக்கு 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை சி.இ.ஏ.வும், இடையிடையே சி.டி. ஸ்கேனும் எழுதுகிறார்கள். உடம்பு தேறிவிட்டது, மாங்காய்ப் பருவம், கொல்லையில் வேலை இருக்கிறது என்று அந்தத் தேதியைத் தள்ளிப்போடுகிறவர்கள்தான் அதிகம். இப்போது நான் மருந்துப் பையின் மேல் அடுத்த சி.இ.ஏ. தேதியைச் சிவப்பு மையில் எழுதிக் கொடுக்கிறேன்.